தக்காளி இல்லாமலே சிவந்த பாஸ்தா

வாங்க, வாங்க, நேரே அடுப்படிக்கே வந்துவிடுங்கள்! கூடத்தில் உட்கார்ந்தால் தட்டு மட்டும்தான் கண்ணில் படும். விஷயமெல்லாம் இங்கேதான் நடக்கிறது. இன்று எங்கள் வீட்டில் பாஸ்தா. அதற்கான சாஸ் நல்ல குங்குமச் சிவப்பு. ஆனால் அதில் தக்காளி ஒரு துண்டுகூடக் கிடையாது. உப்பு விரல் நுனி அளவுதான். கடையில் வாங்கிய பாட்டில் எதையும் திறக்கப் போவதில்லை. சாப்பிட உட்காரப் போகிறவர்களில் ஒருவர் என் மாமனார். சிறுநீரகம் பாதிக்கு மேல் சோர்ந்துவிட்டது, ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் அடிக்கடி எல்லையைத் தொட்டுவிட்டு வருகிறது. இன்னொருத்தி என் மகள். பாஸ்தா என்றால் பள்ளிப் பையைக் கழற்றும் முன்பே தட்டோடு வந்து நிற்பாள். இரண்டு பேருக்கும் ஒரே சட்டியிலிருந்துதான் பரிமாறப் போகிறேன். "தாத்தாவுக்குத் தனி, நமக்குத் தனி" என்ற பேச்சே கிடையாது. அதைச் சொல்லும்போதே எனக்குச் சந்தோஷத்தில் கை பரபரக்கிறது!

மேடையில் இருப்பதை முதலில் பாருங்கள். சிவப்புக் குடைமிளகாய் மூன்று, கை கொள்ளாத பெரிசு. ஒரு நடுத்தர வெங்காயம். காலிஃபிளவரில் நாலைந்து பூக்கள். பூண்டு நாலு பல். ஆலிவ் எண்ணெய், வினிகர், அரை மூடி எலுமிச்சை. சோம்பு கால் தேக்கரண்டி, காய்ந்த மிளகாய் ஒன்று, மிளகு. அந்தச் சின்னக் கிண்ணத்தில் இருப்பது திருநீற்றுப்பச்சிலை. இத்தாலிக்காரர்கள் பாஸ்தா மேல் கிள்ளிப் போடும் பேசில் செடியும் இதே இனம்தான், நம் ஊர்த் தோட்டங்களில் வாசனை கொஞ்சம் காரமாக வளரும். பக்கத்தில் ஒரே ஒரு கற்பூரவல்லி இலை. அது எதற்கு என்பது பிறகு.

தக்காளி மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. கணக்கைப் பாருங்கள். சமைக்காத தக்காளி 100 கிராமில் பொட்டாசியம் சுமார் 240 மில்லிகிராம். சிவப்புக் குடைமிளகாயில் சுமார் 210. "இவ்வளவுதானா வித்தியாசம், இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று கேட்கத் தோன்றும். கேளுங்கள், இங்கேதான் விஷயமே இருக்கிறது! தக்காளி சாஸ் என்பது தக்காளியைச் சுண்டவைத்து எடுப்பது. தண்ணீர் ஆவியாகிப் போகும், பொட்டாசியம் போகாது. அப்படியே சட்டியின் அடியில் குவிந்துகொண்டே வரும். சுண்டச் சுண்ட அது தக்காளி பேஸ்ட் ஆகும்போது 100 கிராமுக்கு 1,000 மில்லிகிராம் அளவுக்கு ஏறிவிடுகிறது. கடையில் விற்கும் பாஸ்தா சாஸில் அரை கப் ஊற்றினாலே பொட்டாசியம் சுமார் 400 மில்லிகிராம். கூடவே பல பிராண்டுகளில் 400 முதல் 500 மில்லிகிராம் வரை சோடியம். குடைமிளகாய்க்குச் சுண்ட வேண்டிய அவசியமே இல்லை. சதைப்பற்றுள்ள காய், சுட்டு அரைத்தாலே கெட்டியாக நிற்கும். அதோடு பொட்டாசியம் குறைந்த காய்களை அரைத்துக் கலக்கும்போது, ஒரு கரண்டி சாஸில் வந்து சேரும் அளவு இன்னும் இறங்குகிறது.

ஏன் இந்தப் பொட்டாசியத்தை இப்படித் துரத்துகிறோம்? நல்ல சிறுநீரகம், நாம் சாப்பிடும் பொட்டாசியத்தில் சுமார் 90 சதவீதத்தைச் சத்தமில்லாமல் வெளியே அனுப்பிவிடுகிறது. அந்த வேலை தளர்ந்தால் அது ரத்தத்தில் தங்கும். ரத்தத்தில் அது ஒரு லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். எல்லை மீறினால் இதயத்தின் தாளம் தப்பும். வலி, காய்ச்சல் என்று முன்கூட்டி எதுவும் சொல்லாமலேயே அது நடக்கக்கூடும் என்பதால்தான் மருத்துவர்கள் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறார்கள். சோடியம் உடம்பில் நீரைக் கட்டி, ரத்த அழுத்தத்தை ஏற்றும். பாஸ்பரஸ் மிகுந்தால் எலும்பிலிருந்து கால்சியம் வெளியேறும், உடம்பெல்லாம் அரிக்கும். பாஸ்தா சாஸ் பாட்டிலும் அதன் மேல் தூவும் சீஸும் சேர்ந்தால் இந்த மூன்றும் ஒரே தட்டில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன.

"தக்காளி இல்லாம பாஸ்தாவா? ஒப்புக்குச் செய்யறதா இருக்கும்" என்பவர்களுக்கு நான் ஆசையாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. தக்காளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. 16-ஆம் நூற்றாண்டில்தான் இத்தாலிக்கு வந்தது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே இத்தாலிக்காரர்கள் பாஸ்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்! வெண்ணெய், சீஸ், சில சமயம் சர்க்கரையும் பட்டைத் தூளும் தூவி. 1690-களில் நேப்பிள்ஸில் அந்தோனியோ லத்தீனி எழுதிய சமையல் நூலில் தக்காளி சாஸ் வருகிறது. ஆனால் அதை அவர் பாஸ்தாவுக்குச் சொல்லவில்லை. பாஸ்தாவும் தக்காளியும் எழுத்தில் ஒன்றாகச் சேர்வது 1790-ல், பிரான்செஸ்கோ லியோனார்தி என்ற சமையல்காரரின் நூலில். பாஸ்தாவின் நீண்ட ஆயுளில் தக்காளி நேற்று வந்த மருமகள். அவள் ஒருநாள் அம்மா வீட்டுக்குப் போனால் அடுப்பு எரியாமல் போய்விடாது!

இன்னொன்று, இது எனக்கு இன்னும் பிடித்தது. இத்தாலியில் சிறுநீரக வைத்தியமும் பாஸ்தாவும் ஏற்கெனவே ஒன்றுக்கொன்று தெரிந்தவை. 1964-ல் பீசா நகரத்து மருத்துவர் செர்ஜியோ ஜியோவன்னெத்தியும் குவிரினோ மஜ்ஜோரேவும் ‘தி லான்செட்’ இதழில், சிறுநீரகம் மிகவும் பழுதுபட்டவர்களுக்கான புரதம் குறைந்த உணவுமுறையை வெளியிட்டார்கள். டயாலிசிஸ் எல்லோருக்கும் எட்டாத காலம் அது. பாஸ்தா இல்லாமல் இத்தாலியர் எப்படி இருப்பார்கள்? கோதுமையின் புரதத்தை ஒதுக்கி, மாவுச்சத்தை மட்டும் வைத்துச் செய்யும் பாஸ்தா அங்கே சிறுநீரக நோயாளிகளுக்கென்றே புழக்கத்தில் இருக்கிறது. நோய் வந்தவரின் தட்டிலிருந்து அவர் ஊர்ச் சாப்பாட்டைப் பிடுங்காமல், அந்தச் சாப்பாட்டையே அவருக்கேற்ப மாற்றியிருக்கிறார்கள். எவ்வளவு அழகான பிடிவாதம்!

சரி, கேஸைப் பற்றவைக்கிறேன். தள்ளி நில்லுங்கள், இதுதான் கண்கொள்ளாக் காட்சி! குடைமிளகாய் மேல் ஒரு சொட்டு எண்ணெய் தடவி, நேரே தீயில். ஆமாம், வாணலி வேண்டாம், கல் வேண்டாம். முதலில் தோல் மினுமினுக்கும். பிறகு அங்கங்கே கறுப்புப் பொட்டு. அப்புறம் "பட், பட்" என்று தோல் வெடிக்கும் சத்தம். இடுக்கியால் திருப்பித் திருப்பிவிட வேண்டும்; மேலே, கீழே, காம்பைச் சுற்றி, எங்கும் கறுக்க வேண்டும். பாதிச் சிவப்பில் இரக்கப்பட்டு எடுத்துவிட்டால் தோல் உரியாது, அந்தப் புகை வாசனையும் வராது. வாசனை வருகிறதா? எங்கள் அத்தை கூடத்திலிருந்தே மூக்கை உறிஞ்சிக்கொண்டு வருவார்.

"என்னம்மா, கத்திரிக்காய் சுடறியா? கொத்சுக்கா?"

"இல்ல அத்தை, குடைமிளகாய். மாமாவுக்குப் பாஸ்தா."

"அப்ப அவருக்கு நான் வச்ச ரவைக் கஞ்சியை யார் குடிக்கிறது?"

"நாம ரெண்டு பேரும் குடிச்சிடலாம் அத்தை!"

அத்தைக்கு இந்தச் சுடுகிற வேலையைச் சொல்லித்தரவே வேண்டியதில்லை. விறகடுப்பில் கத்திரிக்காய் சுட்ட கை அது. எந்தப் பக்கம் இன்னும் வேக வேண்டும் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். கறுத்த மிளகாய்களை ஒரு பாத்திரத்தில் போட்டுத் தட்டால் மூடிவிட்டேன். கால் மணி நேரம் அதன் சூட்டிலேயே அது புழுங்க வேண்டும். பிறகு கையால் தேய்த்தாலே கறுப்புத் தோல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். உள்ளே பாருங்கள், என்ன நிறம்! பச்சைக் குடைமிளகாயும் இதே காய்தான். பழுக்காமல் பறித்தது, அதனால்தான் கசப்பு. முழுக்கப் பழுக்கும்போது கேப்சாந்தின் என்ற நிறமி சேர்ந்து இந்தச் சிவப்பு வருகிறது. பழுத்த இனிப்பும் கூடவே வருகிறது. சாஸுக்குச் சர்க்கரை போட வேண்டாம் என்பதற்கு இந்த இனிப்பே போதும். தோல் உரித்த பிறகு தண்ணீரில் கழுவுகிற ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். புகை மணமெல்லாம் சாக்கடைக்குப் போய்விடும். அங்கங்கே ஒட்டியிருக்கும் கறுப்புத் துணுக்கு இருந்துவிட்டுப் போகட்டும். விதையை மட்டும் வழித்துவிடுங்கள்.

அது புழுங்கும் நேரத்தில் பக்கத்து அடுப்பில் காலிஃபிளவர். இதைச் சின்னச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில், உப்பில்லாமல் வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். மற்ற வீடுகளில் "சத்தெல்லாம் தண்ணீரில் போகிறதே" என்று வருத்தப்படுவார்கள். நமக்கு அது போவதுதான் வேண்டும்! சமைக்காத காலிஃபிளவரில் 100 கிராமுக்குச் சுமார் 300 மில்லிகிராம் இருக்கும் பொட்டாசியம், வேகவைத்து வடித்தால் சுமார் 140-க்கு இறங்கிவிடுகிறது. பாதிக்கு மேல் தண்ணீரோடு போய்விட்டது. காயை நறுக்கி வெறுமனே ஊறவைத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். 2008-ல் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் உருளைக்கிழங்கை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். ஊறவைத்ததில் பொட்டாசியம் பெரிதாகக் குறையவில்லை. துண்டுகளாக்கி வேகவைத்தபோது சுமார் பாதி போயிற்று. துருவி வேகவைத்தபோது முக்கால் பங்கு வரை போயிற்று. ஆக, வேலை செய்வது கொதிக்கும் தண்ணீரும் சின்னத் துண்டும்தான். இட்லித் தட்டில் ஆவியில் வேகவைத்தால் இந்தப் பலன் இல்லை. குக்கரில் கொஞ்சத் தண்ணீர் விட்டு வேகவைத்து, அதே தண்ணீரோடு அரைத்தாலும் இல்லை.

காலிஃபிளவர் எதற்கு என்று என் மகள் கேட்டாள். சாஸுக்கு வழவழப்பு வேண்டும் என்பதற்குத்தான். ஹோட்டல்களில் அந்த வழவழப்புக்கு முந்திரியை அரைத்து விடுவார்கள், கிரீமைக் கொட்டுவார்கள். முந்திரி 100 கிராமில் பொட்டாசியம் 600-ஐத் தாண்டும், பாஸ்பரஸும் கிட்டத்தட்ட அவ்வளவு. நன்றாக வெந்த காலிஃபிளவர் மிக்ஸியில் வெண்ணெயாக அரைபடும், தன் வாசனையைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளாது.

இப்போது வெங்காயம். என் மனசுக்கு மிக நெருக்கமான கட்டம் இது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன். தக்காளியில் நாக்கைச் சுண்டி இழுக்கும் சுவை இருக்கிறதே, அது புளிப்பு மட்டும் அல்ல. அதில் இயற்கையாகவே இருக்கும் குளூட்டமேட்டும் சேர்ந்தது. தக்காளியை எடுத்துவிட்டால் அந்த இடம் காலியாக நிற்கும். உப்பைக் கொட்டியும் அதை நிரப்ப முடியாது, நமக்கு அந்த வழியும் இல்லை. அந்த இடத்தை நிரப்புவது தீயும் பொறுமையும். இரண்டு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், மெல்லியதாக நறுக்கிய வெங்காயம், அடுப்பு சிம்மில். வழக்கமாக வெங்காயம் வதங்க ஒரு சிட்டிகை உப்பு போடுவோம். அதற்குப் பதிலாக ஒரு கரண்டித் தண்ணீர் தெளித்து மூடி வையுங்கள். வெங்காயம் தன் ஈரத்திலேயே குழையும். பிறகு மூடியைத் திறந்து, தண்ணீர் வற்றி, பொன்னாகி, தேன் நிறத்துக்கு வரும்வரை கிளறுங்கள். இருபது நிமிடமாவது ஆகும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் ஓரம் கருகிக் கசக்கும். வெங்காயம் அந்த நிறத்துக்கு வந்ததும் தட்டிய பூண்டு, நசுக்கிய சோம்பு, கிள்ளிய மிளகாய். சோம்பு எண்ணெயில் பட்டதும் வரும் வாசனையைக் கவனியுங்கள். இத்தாலியில் சாசேஜ் செய்பவர்களும் இதே சோம்பைத்தான் இறைச்சியில் கலக்கிறார்கள். ஒரு சிட்டிகையில் சட்டி முழுக்க இத்தாலி வந்துவிடுகிறது!

இப்போது அந்தக் கற்பூரவல்லி இலை. பீட்சா வாசனைக்கு ஆரிகனோ வேண்டும். கடையில் வாங்கும் சீசனிங் பொட்டலங்கள் பலவற்றில் ஆரிகனோவோடு உப்பும் கலந்திருக்கும். தனி ஆரிகனோ கிடைத்தால் நல்லது, ஒரு சிட்டிகை போடுங்கள். கிடைக்காவிட்டால் தொட்டியில் வளரும் கற்பூரவல்லி இலை ஒன்றைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள். ஆரிகனோவுக்கு மணம் தரும் கார்வக்ரோல் இதிலும் உண்டு. ஒன்று போதும், இரண்டாவது இலை போனால் சளிக்குக் கஷாயம் வைத்த வாசனை வந்துவிடும்.

ஒரு மேசைக்கரண்டி வினிகர் விட்டு, சட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பையெல்லாம் சுரண்டி எடுங்கள். அந்தப் பழுப்பில்தான் பாதிச் சுவை இருக்கிறது. பிறகு எல்லாம் மிக்ஸிக்கு: உரித்த குடைமிளகாய், வெந்த காலிஃபிளவர், வதங்கிய வெங்காயம். பாஸ்தா வெந்த தண்ணீர் ஒரு கரண்டி. ஓடவிடுங்கள்! மூடியைத் திறந்து பாருங்கள், அந்தச் சிவப்பு! என் மகள் ஒவ்வொரு தடவையும் "அம்மா, இது தக்காளிதானே, பொய் சொல்ற" என்பாள். மறுபடி சட்டியில் ஊற்றி இரண்டு மூன்று கொதி வந்தால் போதும். சுண்டவிடக் கூடாது. அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சைச் சாறு, கிள்ளிய திருநீற்றுப்பச்சிலை, நிறைய மிளகு.

உப்பு? வந்துவிட்டேன். கால் தேக்கரண்டி, நாலு பேருக்கான முழுச் சட்டிக்கும் சேர்த்து. அதையும் கடைசியில்தான் போடுகிறேன், கொதியில் கரையவிடாமல் மேலாகத் தூவி. நாக்கில் முதலில் படும் உப்புதான் உப்பாகத் தெரிகிறது. ஒரு தேக்கரண்டி உப்பில் சுமார் 2,300 மில்லிகிராம் சோடியம். கால் தேக்கரண்டியை நாலாகப் பிரித்தால் ஒரு தட்டுக்கு 145-க்குப் பக்கத்தில் வரும். காய்களில் இயல்பாக இருக்கும் சோடியம் பத்து மில்லிகிராமைக்கூட எட்டாது.

இந்த இடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்திக் கண்டிப்பாகச் சொல்கிறேன். "உப்புதானே கூடாது, லோ சோடியம் உப்பு வாங்கிப் போட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள், அன்பினால்தான் கேட்கிறார்கள். அந்த உப்பில் சோடியத்தைக் குறைத்துவிட்டு அதன் இடத்தில் வைப்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. எதைத் தவிர்க்க இத்தனை பாடுபட்டோமோ அதையே கரண்டியால் அள்ளிப் போட்டதாகிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இப்படிப்பட்ட உப்பைப் பொதுமக்களுக்குப் பரிந்துரைத்தபோதுகூட, சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களை அந்தப் பரிந்துரையிலிருந்து விலக்கியே வைத்தது. தயவுசெய்து அந்தப் பொட்டலத்தை அடுப்படியிலேயே வைக்காதீர்கள்.

கணக்குப் போட்டுவிடலாமா? எனக்கு இந்தக் கணக்கு சமையலைப் போலவே பிடிக்கும். உரித்த குடைமிளகாய் 300 கிராமுக்குச் சுமார் 630. வெங்காயம் 100 கிராமுக்கு 145. வடித்த காலிஃபிளவர் 100 கிராமுக்கு 140. பூண்டுக்கு 50, எலுமிச்சைக்கு 15. மொத்தம் 980 மில்லிகிராம் அளவில் பொட்டாசியம். நாலு தட்டுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 245! பாட்டில் சாஸின் 400 எங்கே, இது எங்கே! ஒரு கப் வெந்த பாஸ்தா சேர்த்தாலும் இன்னும் ஒரு 60 கூடும், அவ்வளவுதான். சாதாரண வெள்ளைப் பாஸ்தாவில் பொட்டாசியம் குறைவு என்பது இன்று நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்.

பாஸ்தா வேகவைப்பதில் பெரிய ரகசியம் இல்லை. தண்ணீர் நிறைய, உப்பு வேண்டாம். இத்தாலியில் லிட்டருக்குப் பத்து கிராம் உப்பு போடுவது வழக்கம்; அப்படிப் போட்டு வேகவைத்தால் 100 கிராம் வெந்த பாஸ்தாவில் சோடியம் 130 வரை ஏறும், போடாமல் வேகவைத்தால் 1. பல்லில் லேசாகப் பிடிக்கும் பதத்தில் வடித்து, மிச்ச வேக்காட்டைச் சாஸ் சட்டிக்குள் முடியுங்கள். அப்போதுதான் ஒவ்வொரு துண்டும் சாஸைக் குடிக்கும்.

மேலே தூவ என்ன என்று பார்க்கிறீர்களா? சீஸ் டப்பாவைத் தேடவேண்டாம். தென் இத்தாலியில் சீஸ் வாங்கக் கையில் காசில்லாத வீடுகளில், காய்ந்த ரொட்டித் தூளை எண்ணெயில் பூண்டோடு வறுத்துப் பாஸ்தா மேல் தூவினார்கள். இன்றும் சிசிலியில் அது விரும்பிச் சாப்பிடும் சங்கதி. ஒரு ரொட்டித் துண்டைக் காயவைத்து உதிர்த்து, பொன்னிறமாக வறுத்து, ஆளுக்கு ஒரு மேசைக்கரண்டி தூவுங்கள். அந்த மொறுமொறுப்பு இல்லாமல் எனக்கு இந்தத் தட்டு முழுமையாகாது. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குப் புரதம் கூடுதலாக வேண்டியிருக்கும். அவர்கள் தட்டில் வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கருவைத் துருவித் தூவலாம். பார்த்தால் சீஸ் என்றே நினைப்பீர்கள்! வெள்ளைக்கருவில் புரதம் நிறைய, பாஸ்பரஸ் மிகக் குறைவு. டயாலிசிஸுக்கு இன்னும் போகாதவர்களுக்குப் புரத அளவு வேறு. அதை மருத்துவரிடம் கேட்டுத்தான் வைக்க வேண்டும்.

சீஸை ஏன் இப்படி ஓரங்கட்டுகிறேன் என்றால், உப்பும் பாஸ்பரஸும் அதில் தாராளம். அதிலும் கடையில் விற்கும் பதப்படுத்திய சீஸ் இன்னும் மோசம். உருகும்போது எண்ணெய் பிரியாமல் இருக்க அதில் பாஸ்பேட் உப்புகள் சேர்ப்பது உண்டு. காய், பருப்பில் உள்ள பாஸ்பரஸில் பாதிக்கும் குறைவாகத்தான் உடம்பு எடுத்துக்கொள்கிறது. இப்படிச் சேர்க்கும் பாஸ்பரஸ் ஏறக்குறைய முழுவதும் ரத்தத்தில் போய்ச் சேர்கிறது. நம் நாட்டு உணவுப் பொட்டலங்களில் சோடியம் எவ்வளவு என்று அச்சிட வேண்டும். பொட்டாசியம், பாஸ்பரஸ் அளவுகளைச் சொல்லக் கட்டாயம் இல்லை. அதனால் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ஐ.என்.எஸ். எண்களைப் பாருங்கள். 338, 339, 340, 341, 450, 451, 452 என்றால் பாஸ்பேட் வகைகள். 508 என்றால் பொட்டாசியம் குளோரைடு. இந்த எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்திருக்கிறேன். கடையில் அலமாரி முன்னால் நின்று அதை எடுத்துப் பார்க்கும்போது பக்கத்தில் இருப்பவர்கள் "என்னங்க அது?" என்று கேட்பார்கள். ஆசை ஆசையாகச் சொல்லித்தருவேன்!

இதோ, பரிமாறியாயிற்று. மாமா முதல் கவளம் வாயில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. "என்னம்மா, உப்புப் போட்டுட்டியா? எனக்கு ஆகாதே" என்றார். இந்தச் சாஸுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. உப்பால் வந்த சுவை என்று அவர் நினைத்தது, சுட்ட புகையும் தேன் நிற வெங்காயமும் எலுமிச்சையும் சேர்ந்து செய்த வேலை. அத்தை கஞ்சியைத் தள்ளிவைத்துவிட்டு, "எனக்கும் ஒரு கரண்டி வை" என்றார். சர்க்கரையும் உள்ளவர்கள் பாஸ்தாவை ஒரு கப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும்; எங்கள் வீட்டில் அந்தக் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு காவல் காப்பவர் அத்தைதான்.

மிச்சம் இருந்தால் ஃப்ரிட்ஜில் மூன்று நாள் வைக்கலாம். அதற்கு மேல் வேண்டுமானால் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துவிடுங்கள். வேண்டியபோது வேண்டிய கட்டிகளை மட்டும் எடுத்து உருக்கலாம். ஊறுகாய்போல மேலே எண்ணெய் மிதக்கவிட்டு அலமாரியில் வைக்கவே வைக்காதீர்கள். குடைமிளகாய்க்குத் தக்காளி அளவுக்குப் புளிப்பு கிடையாது, உப்பும் நாம் அதிகம் போடவில்லை. எண்ணெய்க்கு அடியில் கொடிய கிருமிகள் வளர அது இடம் கொடுத்துவிடும்.

செய்வதற்கு முன்னால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். சிறுநீரகக் கோளாறு என்றதும் எல்லோரும் தக்காளியை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. 2020-ல் வெளியான அமெரிக்கச் சிறுநீரக உணவு வழிகாட்டிகூட, ரத்தத்தில் பொட்டாசியம் சரியான அளவில் நிற்கும்படி உணவைக் கூட்டிக் குறைக்கத்தான் சொல்கிறது. எல்லோருக்கும் ஒரே அளவை அது விதிக்கவில்லை. அளவு எல்லைக்குள் இருப்பவர்கள், டயட்டீஷியன் சரி என்றால், இதே சட்டியில் ஒரு தக்காளியைக்கூடச் சேர்க்கலாம். தட்டுக்கு 60 மில்லிகிராம்தான் கூடும். அளவு ஏறி நிற்பவர்களுக்கு ஒரு தட்டில் பாதியே போதும் என்று சொல்லவும் கூடும். ஆகவே கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் மேலே நான் போட்ட கணக்கையும் டயட்டீஷியனிடம் ஒன்றாகக் காட்டிக் கேளுங்கள். அவர் தலையாட்டியதும் மூன்று குடைமிளகாய் வாங்கி வாருங்கள். பச்சை வேண்டாம், நன்றாகப் பழுத்த சிவப்பு. தோல் முழுக்கக் கறுக்கும்வரை தீயிலிருந்து எடுக்காதீர்கள், எலுமிச்சைச் சாறை அடுப்பை அணைத்த பிறகே விடுங்கள்.